பதினெட்டு வீடுகளும் ஒரு புள்ளியும்

காலை ஏழே முக்கால். ஈப்போவில் இரண்டு ரிங்கிட் அறுபது சென்னுக்கு வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு வாடகைக் காரில் ஏறினேன். சுங்காய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம்; எண்பது கிலோமீட்டர் இருக்கும்.

புதுக் கருவி யாரிடமிருந்து யாருக்குப் பரவும் என்று கணித்துச் சொல்வது என் தொழில். வீடு ஒரு புள்ளி, பேச்சு ஒரு கோடு. போன வருடம் இந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பதினெட்டு வீடுகளிலும், புதிதாக ஒன்று வந்தால் யார் பேச்சைக் கேட்பீர்கள் என்று விசாரித்தேன். அத்தனை கோடுகளும் தோட்டத்தில் மருந்தடிக்கும் செல்வி அக்கா வீட்டில் போய் முட்டின. மருந்தடிக்கும் டிரோனைக் கொண்டுவர இருந்த நிறுவனத்துக்கு அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

சிம்பாங் பூலாய் தாண்டியதும் மழை. "அந்தத் தோட்டமா அண்ணே? மருந்தடிச்ச பொம்பளைங்க வேலையெல்லாம் ஹாபிஸ் லா, முடிஞ்சிருச்சு," என்றார் ஓட்டுநர்.

பத்து மணிக்குப் பழைய கேள்வியோடு லயத்தில் இறங்கினேன். முதல் ஐந்து வீட்டிலும் ஒரே பதில்: "யாரு பேச்சையும் கேக்க மாட்டோம்." அக்கா பெயரைச் சொன்னதும் ஒரு கதவு சாத்தப்பட்டது.

செல்வி அக்கா தேநீர் கொடுத்தார். மெலிந்திருந்தார்.

"மருந்து மேல படாது, வேலையும் போகாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க தம்பி, அந்த டிரோன் கம்பெனிக்காரங்க. நம்பித்தான் சொன்னேன். வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன். எனக்கும்தான் வேலை போச்சு. ஆனா நானே மேனேஜர்கிட்ட போயி, டிரோனுக்குப் பேசுறேன்னு நின்னேன்னு பேசிக்கிறாங்க. அடுத்த வாரம் மக பரிசம். வெத்தல பாக்கு வச்சு அழைச்சேன், ஒரு வீடும் வாரேன்னு சொல்லல. எம் பேர யாரு குடுத்தாங்கன்னே தெரியல."

"நான்தான் அக்கா," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப அத வந்து சொல்லிருங்க தம்பி. பதினேழு வீடுதான். நானும் கூட வாரேன். நீங்க படிச்சவரு, சொன்னா கேப்பாங்க. போலாமா?"

சாத்தப்பட்ட அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. பயந்துவிட்டேன்.

"கார் காத்திருக்கிறது அக்கா."

வெளியே ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் எழுப்பினேன்.