பாலத்துக்கு உடன்பிறந்தவன்

ஆற்றின் மேல் புதுப் பாலம் திறக்கப்பட்ட அன்று காலையில்தான் அவன் அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவமனை எதிர்க்கரையில். அவன் அப்பா வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தால், பாலத்தின் வாயிலில் ரிப்பன் கட்டியிருந்தது. அமைச்சர் வந்து அதை வெட்டாமல் ஓர் ஈ காக்கைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று காவலர் குறுக்கே நின்றுவிட்டார்.

"ஐயா, மந்திரி காத்திருப்பாரு. குழந்தை காத்திருக்காது" என்று அப்பா கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டில் குழந்தை பிறந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் இருந்த ஒரு பல் மருத்துவர்தான் பிரசவம் பார்த்தார். அதற்குப் பிறகு நிதானமாக வந்து சேர்ந்த அமைச்சர், ரிப்பனை வெட்டிய கையோடு குழந்தையையும் தூக்கிக் காட்டினார். வாத்தியக்காரர்கள் அதற்கும் ஒருமுறை முழக்கினார்கள். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் 'பாலம்'. அதுதான் நிலைத்தது.

அவன் ஒருவன் மட்டும் என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதே காலையில் எதிர்க்கரை மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை, வெள்ளைப் படுக்கையில், தாதிகள் சூழ, முறைப்படி பிறந்திருந்தது. 'முதலில் பிறந்தது எங்கள் குழந்தைதான்' என்றார்கள் அந்தக் கரைக்காரர்கள். 'பாலத்து வாசலிலேயே பிறந்தது எங்கள் பிள்ளை' என்றார்கள் இந்தக் கரைக்காரர்கள். நகராட்சி யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாலத்தின் ஆண்டு விழாவில் இரண்டு குழந்தைகளையும் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தது. அவள் பெயரும் இந்தக் கரையில் எவர் வாயிலும் நுழையவில்லை. அவள் 'அக்கரை' ஆகிவிட்டாள்.

உள்ளூர் நாளிதழில் 'இதே நாளில்' என்று ஒரு பகுதி வரும். அந்தத் தேதியில் எங்கோ ஒரு போர் முடிந்திருந்தது. ஒரு வானியல் அறிஞரும் ஒரு பாடகியும் பிறந்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே பாலம், பாலத்துக்குக் கீழே இந்த இருவர். பள்ளிக்கூடத்தில் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். தான் பிறந்ததால்தான் சண்டையை நிறுத்தினார்கள் என்று அவன் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தான்.

ஏழாவது ஆண்டு விழாவில் அக்கரை அவன் காதருகே குனிந்தாள். அவனைவிட அரைத்தலை உயரம்.

"நான் விடியும்போதே பொறந்துட்டேன். நீ அப்புறம்தான். ஒழுங்கா அக்கான்னு கூப்பிடு."

"மாட்டேன்."

"அப்ப கேக்கை நான்தான் வெட்டுவேன்."

"கத்தி என்கிட்ட இருக்கு."

மறுநாள் பத்திரிகையில் இருவரும் ஒரே கத்தியைப் பிடித்து இழுக்கும் படம் வந்தது. 'ஒற்றுமையுடன் கேக் வெட்டும் பாலத்தின் செல்வங்கள்' என்று அடியில் போட்டிருந்தார்கள்.

மீசை முளைக்கும் வயதில் அந்த மேடை அவனுக்கு முள்ளாகக் குத்தியது. இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துத் தருவார்கள். நண்பர்கள் கீழே நின்று கண் சிமிட்டுவார்கள். பிறகு அவள் மேற்படிப்புக்கு வெளியூர் போனாள், விழாவுக்கு வருவதை நிறுத்தினாள். அவன் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன், உப்பில்லாத சோற்றைத் தின்கிறவன்போல உட்கார்ந்துவிட்டு வந்தான். ஏன் என்று அவன் யோசிக்கவில்லை.

அவன் பேருந்து ஓட்டுநரானான். கொடுத்த வழித்தடமும் பாலத்தின் மேல்தான். "உடன்பிறப்பு முதுகுல ஏறியே பொழப்பு நடத்தற" என்று நடத்துநர் கிண்டலடிப்பார். அவனுக்கு வேலை பிடித்திருந்தது. காலையில் ஆற்றின் மேல் வெயில் விழும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவதில் ஒரு சுகம்.

பாலத்துக்கும் அவனுக்கும் முப்பது வயது நெருங்கியபோது ஒருநாள், கைப்பிடிச் சுவருக்கு வெளியே, கயிற்றில் இறக்கிய வேலைத் தொட்டில் ஒன்றில் மஞ்சள் தலைக்கவசம் ஒன்று தொங்குவதைப் பார்த்தான். சுத்தியலால் இரும்பைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. பாலத்தைப் பார்த்துக்கொள்ள வந்த புதுப் பொறியாளர். அக்கரைதான். அவன் ஹாரன் அடித்தான். அவள் நிமிர்ந்து, ஒலி எழுப்பாதே என்ற பலகையைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

முப்பதாம் ஆண்டு விழாவை நகராட்சி தடபுடலாகத் திட்டமிட்டது. இரு கரை மக்களும் பாலத்தின் நடுவில் கூடி நிற்க வேண்டும், பாட்டு, ஆட்டம், வாணவேடிக்கை. கூடாது என்றாள் அவள். கூட்டம் கூட்டிப் பேசினார்கள். பாலத்தின் பிள்ளை என்று அவனையும் அழைத்திருந்தார்கள்.

"முப்பது வருஷமா அசையாம நிக்குதும்மா" என்றார் நகராட்சித் தலைவர்.

"அசையணும் சார். வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். அதுக்குத்தான் கீழே நகர்ந்து கொடுக்கற தாங்கி வெச்சிருக்கு. அதுல பாதி துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. வண்டி வரிசையா போகலாம், இப்போதைக்கு. ஊரே ஒண்ணா நின்னு குதிச்சா என்ன ஆகும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

தலைவர் அவன் பக்கம் திரும்பினார். "பாலம், நீங்க சொல்லுங்க. உங்க பிறந்த நாளை ஆத்தங்கரைச் சேத்துலயா கொண்டாடறது?"

அவன் எழுந்து நின்றான். எல்லோரும் பார்த்தார்கள். அவளும்தான்.

"எனக்கு இரும்பைப் பத்தி எதுவும் தெரியாதுங்க. இவங்க சொன்ன எதையும் சின்ன வயசுல நான் ஒத்துக்கிட்டதும் இல்ல. ஆனா கீழே தொங்கிப் பாத்துட்டு வந்தது அவங்க ஒருத்தர்தான். நாம யாரும் பாக்கல. மேலே விழா வெச்சா நான் வரலைங்க. என் பஸ்ல யாரையும் கூட்டிட்டும் வர மாட்டேன்."

பாலத்தின் பிள்ளைகள் இருவருமே வராத ஆண்டு விழாவை நடத்தினால் ஊர் சிரிக்கும். தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு இறங்கிவந்தார். விழா ஆற்றங்கரையில்தான் நடந்தது. அவர் பயந்தபடியே மழை பெய்து, கணுக்கால் வரை சேறு. ஆனாலும் எல்லோரும் ஆடினார்கள்.

அதன் பிறகு பழுது பார்க்கப் பாலத்தை மூடினார்கள். தாங்கிகளைக் கழற்றிப் புதிதாக மாட்டும் வேலை மாதக்கணக்கில் நீண்டது. ஓரமாக நடந்து போக மட்டும் அனுமதி. அவன் பேருந்து தடுப்பு வரை வந்து திரும்பும். திரும்பும் முன் கிடைக்கும் இடைவேளையில் அவன் பிளாஸ்க்கில் தேநீரோடு பாலத்தின் நடுவுக்கு நடப்பான். அவள் கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வருவாள். முதல் வாரம் தாங்கிகளைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் வேறு எல்லாவற்றையும்.

"அன்னிக்கு ஏன் எழுந்து பேசின?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ தப்புப் பண்ணினா கத்துவ. சரியா இருந்தா மெதுவாப் பேசுவ. அன்னிக்கு மெதுவாப் பேசின."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "இவ்வளவு கவனிச்சியா?" என்றாள்.

"பக்கத்துல உக்கார வெச்சா வேற என்ன பண்றது?"

அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார்கள் என்று கேட்டதும் அவன் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க. நல்லவேளை, அன்னிக்கு அக்கான்னு கூப்பிடாம இருந்தான்."

பாலம் மறுபடி திறக்கும் விழாவிலேயே, அதுவும் அந்தப் பிறந்த நாளிலேயே கல்யாணத்தை வைக்க வேண்டும் என்று நகராட்சி துடித்தது. அவள் ஒரே பிடியாக மறுத்தாள். "ஒரு தேதி பாவம், எத்தனையத்தான் சுமக்கும்?" பழைய நாளிதழ்களைப் புரட்டி, ஊருக்கு எந்த விசேஷமும் இல்லாத ஒரு வெறும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அதன் பலன், நினைவூட்ட பேனர் இல்லாததால் அவன் ஆண்டுதோறும் அதை மறந்து திட்டு வாங்கினான்.

மகள் பிறந்தாள். அவளும் அதே தேதியில் வந்துவிடுவாளோ என்று ஊர் வாயைப் பிளந்து காத்திருந்தது. அவள் சமர்த்தாக அந்த வாரத்தையே தாண்டி வந்தாள்.

வருஷங்கள் ஓடின. விழாவில் அவர்களுடைய நாற்காலிகள் மேடையிலிருந்து முதல் வரிசைக்கும், பிறகு மூன்றாம் வரிசைக்கும் போயின. ஒருமுறை அழைப்பிதழில் இருவரையும் அண்ணன் தங்கை என்று அச்சடித்துவிட்டார்கள். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவன் ஓய்வுபெற்ற ஆண்டில் அழைப்பிதழே வரவில்லை. கொஞ்சம் உறுத்தியது. தபால் வரும் நேரத்தில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான்.

"வராட்டி என்ன? வா, பொண்ணு வீட்டுக்குப் போகலாம்" என்றாள் அவள்.

பிறந்த நாள் அன்று இருவரும் வேறொரு ஊரில், மகளின் சின்ன வீட்டில் வெயில் ஏறும்வரை தூங்கினார்கள். அவனை மேடைக்கு எழுப்ப யாரும் இல்லை. குளித்துவிட்டு வந்தபோது சமையலறைக் குழாய் சொட்டுவதாக மகள் சொன்னாள். அவன் ஸ்பானரைத் தேடி எடுத்து, சிங்க்குக்கு அடியில் புகுந்துகொண்டான். அவள் முட்டி போட்டுக் குனிந்து டார்ச் பிடித்தாள்.

"இடது பக்கம் திருப்பு" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வலது பக்கம் திருப்பற?"

அவன் இடது பக்கம் திருப்பினான். மகள் இருவரையும் தாண்டிக் கையை நீட்டி, அடுப்பில் பாலை வைத்தாள்.