இத்தாலி மாளிகையின் கதையை முடிக்காமல் போன காக்கா

அல்லாஹ்வின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்கிறோம். ஆனாலும் குர்ஆன் ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்துக்காக இதை எழுத உட்காரும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை. கதைத்துக்கொண்டிருந்த மனிதர் கதையின் நடுவிலேயே போய்விடுவாரா?

எங்கள் மூத்த சகோதரரான காக்கா இலங்கையின் கல்முனைக் கடற்கரையோரம் பிறந்தவர். சுனாமியில் வாப்பாவும் வீடும் ஒன்றாகப் போன பிறகு உம்மாவும் என் அக்காவான ராத்தாவும் தங்கை நானும் அவர் பொறுப்பில் மிஞ்சினோம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ஆண்கள் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் இருவருக்கும் வீடு கட்டுவதற்காகக் காக்கா தன் கலியாணத்தைத் தள்ளிவைத்தார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. உம்மா அந்தக் கவலையோடுதான் மௌத்தானார்.

இத்தாலியில், டஸ்கனிப் பக்கம், குன்றின் மேல் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பிரபுக் குடும்பத்து மாளிகையில் காக்காவுக்குத் தோட்ட வேலை. அந்த ஊர்க்காரருக்கே அதன் வரலாறு காக்கா அளவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ! ஊர்ச் சனம் பிரபுவின் நிலத்தில் ஒலிவும் திராட்சையும் செய்து, விளைச்சலில் பாதியை மாளிகைக்குக் கொடுத்ததாம். "எங்கட வயல்காரப் போடியார்மார் மாதிரித்தான் புள்ள, தொப்பிதான் வேற" என்று தொலைபேசியில் சிரிப்பார். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்தபோது பிரபுவும் சனமும் ஒரே நிலவறையில் ஒளிந்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

லீவில் வந்து என் வீட்டில் தங்கியிருந்தார். அன்று விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவருக்குப் பிளேன்டீ கொடுத்தேன். ராத்தாவும் வந்திருந்தார். மாளிகை பங்குபடாமல் மூத்த மகனுக்கே போக வேண்டும் என்று, அந்தக் காலத்துப் பிரபுக்கள் பெண் மக்களைக் கன்னியர் மடத்தில் சேர்த்த கதை வந்தது.

"பொம்புளப் புள்ளைக்கு ஊடு குடுக்காம மடத்துல கொண்டு உட்டிருக்கானுகள். என்ன மனிசனுகள்!" என்று காக்கா கொதித்தார். "இப்ப மாளிகையில இருக்கிற கிழவிக்கு எங்கட வழக்கத்தச் சென்னன். அப்ப ஒனக்கு எந்த ஊடு எண்டு கேட்டுச் சிரிக்கிறா."

"நீங்க என்ன சென்னீங்க?" என்றார் ராத்தா.

காக்கா புன்னகைத்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்து, "காக்கா, செல்லுங்களன்" என்று தோளைத் தட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து மையித்தைக் கொண்டுவரும் முன்பே காக்காவின் கூட்டாளி ஒருவர் பள்ளிவாசலிலிருந்து வந்தார். "தங்கச்சி, பள்ளியில அறிவிக்கணும். யார்ர ஊட்ட இருந்து ஜனாஸா எடுக்கிற?"

கலியாணம் முடித்தவருக்கு அந்தக் கேள்வியே இல்லை, மனைவியின் வீடுதான். "எங்கட ஊடு எண்டு செல்லுங்க" என்றார் என் கணவர். "இல்ல, என்ட ஊட்ட கொண்டு வாங்க. அவர் முதல் கட்டின ஊடு அதுதான்" என்று ராத்தா கத்தி அழுதார். இருவருக்கும் வீடு கட்டித் தந்த மனிதரை எந்த வீட்டில் வைப்பது என்று தெரியாமல் நின்றோம். வெட்கமும் துக்கமும் சேர்ந்து என்னை அடித்தன.

"அவர்ர சொந்த ஊடு எண்டு செல்லுங்க. இதுதான் அது" என்றேன். ராத்தா என்னைக் கட்டிக்கொண்டார்.

கபுறு வெட்டிய சகோதரர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு சமைத்து அனுப்பிய அயலவருக்கும், வீரமுனையிலிருந்து ஓடிவந்த காக்காவின் தமிழ் நண்பர்களுக்கும், செய்தி கேட்டு மாளிகைக் கதவைப் பூட்டிவிட்டு அழுத அந்த அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் ஒலிபெருக்கியில் அறிவித்த பள்ளிவாசல் முஅத்தினாருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

யா அல்லாஹ், எங்கள் காக்காவுக்கு உன்னிடத்தில் ஒரு வீட்டைக் கொடு. அதையும் எங்கள் பெயருக்கு எழுத அவரை விட்டுவிடாதே.