கட்டாத கம்பியின் சம்மதம்

ஆண்டி வீட்டைப் பூஜ்யம் என்று சொன்னாளாம், திமிர் பிடித்தவளாம். சொன்னாள்தான், யார் இல்லை என்றது? நெல்லிக்குப்பத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக்கொடுத்தவள் இலக்கியா. எதை வரிசையாக அடுக்கினாலும் கம்ப்யூட்டர் முதல் இடத்தைப் பூஜ்யம் என்றுதான் எண்ணுமாம். முட்டைக்கடையில் கேட்டு வாங்கிய அட்டையில் விரல் வைத்து, முதல் குழி பூஜ்யம், அடுத்தது ஒன்று என்று காட்டினாள். குழியின் எண் தெரிந்தால் போதும், துழாவாமல் நேரே கை விட்டு எடுக்கலாம். புத்தகத்தில் அதற்கு அணி என்று பேர், பிள்ளைகள் வாயில் அரே. அன்றைக்கே அதுகள் தெருவை எண்ணப் போக, முதல் வீட்டு ஆண்டிக்குப் பூஜ்யம் விழுந்தது. அந்த மனுஷன் அதை மானப் பிரச்சினையாக்கி டீக்கடை வரைக்கும் கொண்டுபோனால் அதற்கு இவளா பொறுப்பு?

அதைக்கூட விட்டுவிடலாம். கட்டிலில் கிடந்த மாமனாரை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு ஓடினாள் என்கிறார்களே, அதை விட முடியாது. மாமனார் ராஜமாணிக்கத்துக்குப் பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சி ஊட்டியது யார், துணி மாற்றியது யார்? பேசுகிற வாய்களில் ஒன்றாவது ஒருநாள் வந்து ஒரு துணியை அலசிப் போட்டதுண்டா?

இலக்கியா கடலூரில் பாலிடெக்னிக் படித்தவள். புருஷன் பாலகுமார் மஸ்கட்டில் இருந்தான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில், முதல் வருஷப் பிள்ளைகளுக்கு லேபில் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். புருஷனைப் போனில் கேட்டாள். அப்பாவும் அண்ணனும் சரி என்றால் தனக்கும் சரி என்று வைத்துவிட்டான். அந்த வீட்டில் எதற்கும் அதுதான் வழக்கம், இரண்டு தலையும் ஆட வேண்டும். அண்ணன் கொளஞ்சியப்பனோ தனக்கு இஷ்டம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று முடித்துவிட்டான்.

இலக்கியா கட்டிலோரம் உட்கார்ந்து மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் விரல்கள் அவள் கைக்குள் அசைந்தன. அது நடுக்கம் என்றான் கொளஞ்சியப்பன். அவளும் அதோடு விட்டுத்தான் இருப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம், பாலிடெக்னிக் காலத்துச் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்துப் பிள்ளைகளுக்கு லாஜிக் கேட் காட்டினாள். உள்ளே வருவது இரண்டு கம்பி, வெளியே ஒரு விளக்கு. கம்பியில் கரண்ட் வந்தால் ஆமாம், வராவிட்டால் இல்லை. இரண்டு கம்பியும் ஆமாம் என்றால்தான் விளக்கு எரியும் என்றால் அது ஆண்ட் கேட். ஏதாவது ஒன்று ஆமாம் என்றாலே எரிந்தால் ஆர் கேட். ஆமாமை இல்லையாகவும் இல்லையை ஆமாமாகவும் புரட்டிக் கொடுப்பது நாட் கேட். ஆண்ட் கேட்டில் ஒரு கம்பியின் மறுமுனையை மாட்டப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். கை கிட்டே போனால் விளக்கு எரிந்தது, விலகினால் அணைந்தது. பேய் புகுந்துவிட்டது என்று ஒரே சிரிப்பு.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அது எங்கயும் கட்டாத கம்பி. ஆமான்னும் சொல்லாது, இல்லன்னும் சொல்லாது. எவன் கை பக்கத்துல வருதோ அவன் இஷ்டத்துக்கு ஆடும்" என்றாள்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். போன வருஷம் கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோதும் கிழவர் கையைப் பிடித்துத்தான் கேட்டார்கள். அன்றைக்கும் விரல் அசைந்தது. அப்பா சம்மதம் கொடுத்துவிட்டார் என்று ஊருக்கே சொன்னவன் இதே கொளஞ்சியப்பன்.

மறுநாள் அவன் சாப்பிட்டு எழுந்ததும் போய் எதிரே நின்றாள்.

"மாமா, நெலத்தைக் குத்தகைக்கு உட்டப்ப அவரு விரலு ஆடுச்சு, சம்மதம்னீங்க. எனக்கு ஆடுச்சு, நடுக்கம்ங்கிறீங்க. ரெண்டும் ஒரே விரலுதான?"

"எங்கப்பன் மனசு எனக்குத் தெரியாதா? நேத்து வந்தவ நீ சொல்லித் தரியா?"

"அவரு எனக்குச் சரின்னாருன்னு நான் சொல்ல வரல. பாவம், அவரால எதையும் சொல்ல முடியாது. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா உங்க வாயால சொல்லுங்க. அவரு கைய ஏன் இழுக்குறீங்க?"

"இஷ்டமில்ல. போதுமா? படியத் தாண்டுனா திரும்பி வராத."

"போதும் மாமா. இப்பத்தான் நேரா பேசியிருக்கீங்க. நானும் நேராவே சொல்றேன், நாளைக்குப் போறேன்."

பாலகுமாருக்குப் போன் போட்டு, கேட்பதற்கு இல்லை, சொல்வதற்குத்தான் கூப்பிட்டேன் என்றாள். அவன் சரி என்கிறானா என்று காத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் மாமனாருக்குத் துணி மாற்றினாள், கஞ்சி ஊட்டினாள். எந்த மாத்திரை எப்போது என்று கொளஞ்சியப்பன் பெண்சாதி எழிலரசியிடம் சொன்னாள். தினமும் ராத்திரிக் கஞ்சிக்குத் தானே வந்துவிடுவதாகவும் சொன்னாள்.

எழிலரசி குரலைத் தாழ்த்தினாள். "கதவத் தெறக்க மாட்டாருடி அந்த மனுஷன்."

"தட்டுவன்க்கா."

கொளஞ்சியப்பன் வாசல்படியில் உட்கார்ந்து, எதிர்ப்பக்க நிலைக்கால் வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தான். பஸ் போய்விடும், கொஞ்சம் ஒதுங்குங்கள் என்றாள். பேப்பரும் மடங்கவில்லை, காலும் மடங்கவில்லை. பெரியவர்கள் காலைத் தாண்டக் கூடாதுதான். வாசலை அடைத்துக் காலை நீட்டவும் கூடாது. இலக்கியா பையைத் தோளில் ஏற்றினாள், புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், அந்தக் காலைத் தாண்டி வெளியே போனாள்.