திருநீறு கொடுக்காமல் போன சாமி

எங்கள் சந்து மாடசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுமி அடித்தால் வருவார். வந்தால் திருநீறு கொடுக்காமல் போகமாட்டார். ஆட்டம் தணிந்து, கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குச் சொல்லி, கடைசி ஆள் நெற்றியில் திருநீறு பூசும்வரை மேளக்காரன் கையை எடுக்கக் கூடாது. பகலில் எனக்குக் காட்கோபரில் ஒரு கம்பெனியில் பார்சல் அனுப்புகிற வேலை. தாராவியில் சாமிக்குக் கொடைத் திருவிழா என்றால் நான்தான் உறுமி. சாமி வந்து ஆடுகிற சாமிகொண்டாடி என் அண்ணன். அவன் காலைப் பார்த்து நான் அடிப்பேன், என் கையைக் கேட்டு அவன் ஆடுவான். யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அண்ணன் ஆடிய கடைசிக் கொடைக்கு ஒரு கலைக்குழுக்காரர்கள் வந்து மாடன் பீடத்தைச் சுற்றிக் கேமராக்களை நட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். பிற்பாடு மேடையில் நீங்கள் மேளம் அடிக்கும்போது, பார்க்கிறவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தால் காலி இடத்தில் கோயிலும் சாமியும் தெரியும் என்றார்கள். மரபைக் காப்பாற்றுகிறோம் என்றும் சொன்னார்கள். எங்களைக் கேட்டிருந்தால் தண்ணீர்க் குழாயைக் காப்பாற்றச் சொல்லியிருப்போம். அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.

"ஏல, நா செத்தாலும் ஆடிக்கிட்டே கெடப்பேன், பாத்துக்கோ."

அடுத்த மழைக்காலத்தில் மார்வலி வந்து போய்விட்டான். அதன் பிறகு வந்த கொடைகளில் நான் உறுமியைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் வலித்ததுதான் மிச்சம், யார்மேலும் சாமி இறங்கவில்லை. இதற்கிடையில், எங்கள் சந்து வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அண்ணன் மனைவி, என் மதினி, மட்டும் நகரவில்லை. அவள் மகன் டோம்பிவிலியில் வீடு பிடித்து, டெம்போவைச் சந்து முனைவரை கொண்டுவந்து நிறுத்தினான். அப்போதும் ஏறவில்லை.

மாடனைக் கும்பிடுகிற வீட்டார் இடம் மாறுவதென்றால் அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். போ என்று சொல்லித் திருநீறு கொடுத்த பிறகுதான் அடுப்பைத் தூக்கலாம். கேட்பதற்குச் சாமி எங்கே வந்தது? மற்றவர்கள் கேட்காமலே போனார்கள். அண்ணன் ஆடிய காலத்தில் மதினி ஒரு தடவைகூட வாக்குக் கேட்டதில்லை. பெண்கள் கேலி செய்தால், "வீட்ல தெனமும் கேக்கதுக்கே பதில் வரல, இங்கன வந்து என்னத்தக் கேக்க?" என்று சிரித்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். இப்போது கேட்க வேண்டி வந்தபோது ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் கலைக்குழுவிலிருந்து போன் வந்தது. மாட்டுங்காவில் ஒரு ஹாலில் நிகழ்ச்சி. அந்த மாதிரி ஹாலுக்குள் எங்கள் மேளம் அதுவரை நுழைந்ததே கிடையாது. சாமி படமாக வந்ததும் ஏசி போட்டு வரவேற்றார்கள். அண்ணனை ஒரு தடவை பார்க்கட்டும் என்று மதினியையும் கூட்டிப் போனேன். டாக்ஸியில் போகும்போது கேட்டாள்.

"உறுமி நீதான தம்பி அடிக்க?"

"ஆமா மைனி."

"அப்பம் வருவாரு."

"அது படம் மைனி. அண்ணன் இல்ல."

"படந்தான். உறுமி படமில்லல்லா?"



மேடையில் என் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். அதில் டிக் டிக் என்று தாளம் வரும், அதற்குத்தான் அடிக்க வேண்டும். படம் எனக்காக நிற்காது. எதிரே வெறும் பலகைத் தரை. ஹால் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. அத்தனை பேரும் என் அண்ணனைப் பார்த்தார்கள். இரண்டு கையும் உறுமியில் இருந்ததால் நான் மட்டும் பார்க்கவில்லை. போன்கள் திரும்புகிற பக்கத்தை வைத்து, இப்போது இங்கே ஆடுகிறான், இப்போது அங்கே போகிறான் என்று தெரிந்துகொண்டேன். அழுதுகொண்டேதான் அடித்தேன். வேர்வை என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் ஏறி, மெல்லத் தணியத் தொடங்கியது. மதினி எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இடக்கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி மேடையோரம் வந்து வலக்கையை நீட்டினாள்.

"வீட்ட விட்டுப் போவச் சொல்லுதாவ. போவட்டா? உத்தரவு தருவியளா?"

மாடனிடம் நாங்கள் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். இந்தத் 'தருவியளா' அவள் வீட்டில் அண்ணனிடம் பேசுகிற பேச்சு. ஹாலில் சிலர் இதுவும் நிகழ்ச்சியில் உள்ளது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

காதில் டிக் டிக் நின்றது. போன்கள் இறங்கின. படம் முடிந்துவிட்டது. என் கை நிற்கவில்லை. இன்னும் திருநீறு கொடுக்கவில்லை, எப்படி நிறுத்துவது? என்னோடு மேடையில் இருந்த பம்பைக்காரரும் நாகசுரக்காரரும் என்னைப் பார்த்துவிட்டு அவர்களும் விடாமல் வாசித்தார்கள். ஒன்றுமில்லாத இடத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தோம். குழுவைச் சேர்ந்த பெண் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, போதும் போதும் என்று கையை ஆட்டினாள். திருநீறு கொடுப்பது எங்கே என்று கத்தினேன்.

"அது எடுக்கல அங்கிள். டான்ஸ் முடிஞ்சிடுச்சு, பப்ளிக் சுத்தி நின்னுட்டாங்க. ஒண்ணும் தெரியல."

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? கேட்க வந்தவர்களின் தலை சாமியை மறைக்கத்தான் செய்யும். எங்களுக்கு அந்தக் கூட்டம்தான் கொடை. அவர்களுக்கு அது மறைப்பு.

மதினி நீட்டிய கையை மடக்கவில்லை. உறுமிக்குப் பூசுவதற்காக மடியில் கொஞ்சம் திருநீறு வைத்திருந்தேன். அடிப்பதை விட்டுவிட்டு இறங்கிப் போய், விரலில் தொட்டு அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ குடுக்கக் கூடாது தம்பி. நீ அடிக்கவன்."

அந்த நிகழ்ச்சிக்கு இப்போதும் கூப்பிடுகிறார்கள். போகிறேன். செத்தாலும் ஆடுவேன் என்றவன் சொன்னபடியே ஆடுகிறான், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மறைகிறான். மதினி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் நான் கொண்டுபோய் ஊற்றுகிறேன். மகன் வந்தான், சண்டை போட்டான், இப்போது வருவதில்லை. இடிக்கிற வண்டி பக்கத்துச் சுவர்வரை வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, உறுமியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். பீடத்துக்கு முன்னால் அவளும் நானும் மட்டும்தான். சூடம் கொளுத்தினாள். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடித்தேன். சூடம் எரிந்து அணைந்தது, யாரும் வரவில்லை. போதும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.