நான் வேண்டாமென்று தடுத்த பால்

என் மகள் கோமதி இலத்தூர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே மதியச் சாப்பாட்டோடு பவுடர் பாலும் கொடுக்கிறார்கள். "அதுல ஒரு வாடை அடிக்கும்மா" என்று அவள் சொன்னதும், "அப்போ குடிக்காதட்டி" என்று நானே தடுத்துவிட்டேன்.

சில மாதங்களில், பொழுது சாயும் நேரத்தில் அவள் வாசற்படியில் தடுக்கி விழ ஆரம்பித்தாள். கவனம் போதவில்லை என்று தலையில் குட்டினேன்.

ஒரு நாள் அந்திநேரத்தில் வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் நடந்தவள் பாதையை விட்டு விலகி, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றை நோக்கி நேராகப் போனாள். "ஏட்டி, கிணறு!" என்று கத்தியபடி பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்தேன்.

"கிணறா? எங்கனம்மா?" என்றாள். வீடு வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

மறுநாள் தென்காசி ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "இது மாலைக்கண். பள்ளிக்கூடத்துப் பால் குடிக்காளா?" என்று கேட்டார். நான் தடுத்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"என்ன காரியம் பண்ணிட்டிய! அந்தப் பவுடர்ல கண்ணுக்கு வேண்டிய வைட்டமினையும் சேர்த்துல்லா அனுப்புதாவ" என்றார். மீனெண்ணெயும் கொடுத்து, பள்ளிப் பாலைக் குடிக்க விடவும் தினமும் கீரை சமைக்கவும் சொன்னார்.

இப்போது கோமதி விளக்கு வைக்கும் நேரத்திலும் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறாள். நான் வாரம் இரண்டு நாள் பள்ளிக்குப் போய், பவுடரை வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஏலக்காய் தட்டிப் போடுகிறேன். எந்தத் தாயாவது தயங்கினால், அவள் கண்ணெதிரே முதல் டம்ளரை நானே குடித்துக் காட்டுகிறேன்.