துளசியின் வலக்கால்

2026 ஜனவரி 31, சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து வானத்தில் ஒரு மேகமும் இல்லை. தைப்பூசக் காலத்துக்கே உரிய வறண்ட வெயில்.

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையோரத் தண்ணீர்ப் பந்தலில், நெகிழி நாற்காலி ஒன்றில் அமர்ந்தபடி, துளசி இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். வலக்காலின் முன்பாதம் தரையில் அழுந்தும், விடுபடும், மீண்டும் அழுந்தும். இரதம் வர இன்னும் நேரம் இருந்தது. எழுந்தார், சிராப் சர்பத் தொட்டியை அகப்பையால் ஒரு சுற்றுக் கலக்கினார், சாலைக்கு இறங்கி நின்று, பந்தலின் முகப்பில் மேசைகளை மறைத்துத் திரைபோலக் கட்டியிருந்த துணிப் பதாகையைப் பார்த்தார், திரும்பி வந்து அமர்ந்தார். கால் தன் வேலையைத் தொடர்ந்தது.

"உக்காரு தங்கச்சி. நீ பாத்துப் பாத்தே எழுத்து தேஞ்சிரும்," என்றார் பந்தலின் பொறுப்பாளர் முனுசாமி.

"எந்திரிச்சி நின்னாத்தாண்ணே எனக்கு உக்காந்த மாதிரி இருக்கு."

துளசிக்கு வயது நாற்பத்தெட்டு. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். 'கிலாங் பஸ்' என்றால்தான் இங்கே எவருக்கும் விளங்கும். கெலுகோர் அடுக்குமாடிகளிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிப் பாலத்தைக் கடந்து அக்கரையில் பிறைத் தொழிற்பேட்டையில் இறக்குவார். மாலையில் அவர்களையே ஏற்றிக்கொண்டு திரும்புவார். முனுசாமியும் அதே வேலைதான். இவர்களைப் போன்ற ஓட்டுநர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்துவது இந்தப் பந்தல்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் துளசியை வேறோர் இடத்தில் காணலாம். பினாங்குத் தெருவின் பக்கத்தில், ஒரு சங்கத்தின் மாடி மண்டபத்தில் எங்கள் எழுத்தோவியக் குழு கூடுகிறது. பள்ளி ஆசிரியையான நானும் அங்கே மாணவிதான். விளம்பர வடிவமைப்பாளரான நஸீஹா தட்டைத் தூரிகையைப் பிடிக்கும் முறையைக் கற்றுத்தருகிறார். குழுவிலேயே வயதில் இளையவர் அவர்தான். ஆகவே பிழை செய்தவர்களைக் கடிந்துகொள்ள இயலாமல், எல்லாரையும் 'அண்ணே', 'அக்கா' என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

துளசி எழுதுவதை அறியத் தாளைப் பார்க்க வேண்டியதில்லை. மேசைக்கு அடியில் பார்த்தால் போதும். கோடு தொடங்குகையில் குதிகால் ஊன்றும். வளைவு நெருங்குகையில் முன்பாதம் மெல்ல இறங்கும். கோடு முடியுமிடத்தில் முழுவதுமாக அழுந்தும். 'ழ' எழுதும்போது மட்டும் இரண்டு முறை மிதிப்பார். ஏனென்று கேட்டேன்.

"அது யூ டேர்ன் டீச்சர். ஒரே புடில திரும்பாது."

கோடுகள் நன்றாகவே அமையும். கெடுவது அதற்குப் பிறகுதான். மை காயும்வரை பொறுத்திருக்க அவரால் ஆகாது. ஈரத்தாளின்மேல் அடுத்த தாளை வைத்துவிடுவார். முதல் தாளின் எழுத்து இரண்டாம் தாளின் முதுகில் தலைகீழாய்ப் பதியும். முழங்கையால் ஒரு வரி, கைப்பையால் ஒரு வரி என்று கலைத்துக்கொள்வார். "காயட்டும் அக்கா, காயட்டும்," என்று நஸீஹா மேசைக்கு மேசை நடந்தபடி சொல்வது பெரும்பாலும் இவரை நோக்கித்தான்.

"இது காயறதுக்குள்ள நான் பிறைக்கு ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வந்துருவேன் லா."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் தேநீர் அருந்தும் வேளையில் துளசி மண்டபத் தரையைத் துடைப்பார். யாரும் பணித்ததன்று, சும்மா இருக்க முடியாததால் அவரே ஏற்றுக்கொண்ட வேலை. தரையைக் கறைப்படுத்தக் கூடாது என்பது சங்கத்தின் நிபந்தனை; அதனால் நாங்கள் பயன்படுத்துவது நீரில் கரையும் நீல மை. ஈரத்துணியை ஒருமுறை இழுத்துவிட்டு, "ஒரு தொடைப்புதான், போயிருச்சி பாருங்க," என்று வாரந்தோறும் வியப்பார்.

இத்தனை அவசரக்காரர் இந்தப் பொறுமையின் கலைக்கு ஏன் வந்தார்? ஒருநாள் படியிறங்கும்போது அவரே சொன்னார்: "காலைல ஆளுங்களக் கொண்டுபோயி விடறேன். சாயந்தரம் அதே ஆளுங்களத் திரும்பக் கொண்டாறேன். பஸ்ஸு காலைல எங்க நின்னுச்சோ அங்கயே ராத்திரியும் நிக்குது. இத்தன வருஷம் ஓட்டி ஒண்ணையும் காட்ட முடியல டீச்சர். நான் செஞ்சது ஒண்ணு ஒரு எடத்துல நிக்கணும். நாலு பேரு பாத்துட்டுப் போவணும்."

அந்த ஒன்றுதான் இந்தப் பதாகை. ஆண்டுதோறும் கடையில் அச்சிட்டு வாங்குவதை இவ்வாண்டு தாமே எழுதித் தருவதாகத் துளசி முனுசாமியிடம் கேட்டார். ஒரு மாதம் கேட்டார்.

"எழுது. நல்லா இல்லேன்னா அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது," என்று முனுசாமி இசைந்தார். ஆயினும் பழைய அச்சுப் பதாகையைச் சுருட்டித் தம் காரில் போட்டுவைத்திருந்தார்.

'ஓட்டுநர் தண்ணீர்ப் பந்தல்' என்பது வாசகம். வெள்ளைக் காடாத் துணியில், வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டு எழுதியிருக்கிறார். மண்டியிட்ட நிலையில் கால் எதை மிதித்ததோ அறியேன். எழுத்துகள் தளராமல் நின்றன. "முடிச்சதும் கொண்டாங்கக்கா. மேல வார்னிஷ் அடிக்கணும்," என்று நஸீஹா முன்பே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை எழுதி முடித்த துளசி நேரே பந்தலுக்கு வந்து கட்டிவிட்டார். கையில் இருந்தது வகுப்பு மை, பழகியதும் அதுதான்.

"வார்னிஷ் அடிக்க இது என்ன மேசையா? மழையா பேயப் போவுது?" என்று அன்றிரவு தொலைபேசியில் என்னிடம் சிரித்தார். மழை பெய்யாதென்று நானும் சொன்னேன்.

பதாகைக்கு நேர் எதிரே, சாலையில், உடைப்பதற்கான தேங்காய்கள் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தன. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள் அத்தனை பேரும். அந்தக் குவியலைச் சுற்றித்தான் காலை முழுவதும் நடந்தோம்.

நாதசுர ஒலி நெருங்கியது. இரதத்தின் உச்சி தெரிந்ததும் முதல் தேங்காயை எடுத்தவர் துளசிதான். தலைக்கு மேலே உயர்த்தித் தாரில் ஓங்கி அறைந்தார். அடுத்தது, அதற்கடுத்தது. இருபுறமும் ஓட்டுநர்கள் அறைந்தார்கள். ஓடுகள் சிதறின, இளநீர் விசிறிபோல் எழுந்து எழுந்து விழுந்தது. இரதம் கடந்தது. கும்பிட்ட கையோடு துளசி திரும்பினார்.

எழுத்துகளுக்குக் கால் முளைத்திருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் நீலம் ஒழுகித் துணியின் விளிம்பில் சொட்டியது. 'பந்தல்' ஏறக்குறைய கரைந்துவிட்டது. 'ஓட்டுநர்' மட்டும் மேற்பாதியில் எஞ்சியிருந்தது.

"அலாமா! பிரேக் புடிக்கல போல துளசி. எல்லாம் எறங்கி ஓடுது!" என்றார் முனுசாமி. ஓட்டுநர்கள் சிரித்தார்கள். ஒருவர், "டிரைவருதான் பாதி தப்பிச்சிட்டாரு," என்றார்.

துளசி சிரிக்கவில்லை. முகத்தில் தெறித்திருந்த இளநீரையும் துடைக்கவில்லை. ஓடுகளை அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்து, அள்ளி, நகர்ந்து போகும்வரை அங்கேயே நின்றார். பிறகு முடிச்சுகளை அவிழ்த்தார். பதாகையைப் பந்தலின் பின்புறத்துக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் அமுக்கினார். பிழிந்தார், மீண்டும் அமுக்கினார். ஒரு மாதக் கெஞ்சல் நீலநீராய்ச் சாக்கடையில் இறங்கியது. வெளிறிய தடங்களோடு துணி வெளியே வந்தது. நான்கு நாற்காலிகளின் முதுகில் அதை விரித்துவிட்டு நஸீஹாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நீ சொன்ன வார்னிஷ எடுத்துக்கிட்டு வா. தண்ணில போவாத பெயிண்டும் கொண்டா. ஆமா, போச்சி. எல்லாம் போச்சி. ஏன்னு வந்து கேளு."

முனுசாமி காருக்குப் போய்ப் பழைய பதாகையைக் கொண்டுவந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "நாளைக்குத்தான் தங்கச்சி பூசம். கூட்டம் அம்மாம் பேரும் இந்த வழியாத்தான் வரும். பந்தலு பேரில்லாம மொட்டையா நிக்குது. இதக் கட்டிரவா, என்ன சொல்றே?"

துளசி ஒரு நாற்காலியை இழுத்து, ஈரத்துணியின் எதிரே போட்டு அமர்ந்தார். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலை முந்தானையில் துடைத்தார். வலக்கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் எழவில்லை.

"காயட்டும்ணே," என்றார்.