பெரின் செய்த மெழுகுச் சிலுவை

பெரின் துவாலும் நானும் பிரான்சின் ப்ளூமர்-போதூ தொலைத்தொடர்பு நிலையத்து உணவகத்தில் வேலை பார்த்தோம். சன்னலுக்கு வெளியே மாதாகோயிலைவிட உயரமாக ஒரு வெள்ளை உருண்டைக் கூடாரம் காற்று நிரம்பி நிற்கும். அதற்குள் ஒரு பெரிய உலோகக் கொம்பு சுழன்று, டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோளைத் தேடும்.

பெரின் உஷான் தீவில் பிறந்தவள். கணவனைக் கடல் கொண்டுபோயிற்று. ஒரே மகன் ஜில்தாஸ் ராணுவத்தோடு அல்ஜீரியப் போருக்குப் போனான். 1962 வசந்தத்தில், ரோந்து போன இடத்தில் வண்டியோடு பாலைவனத்தில் காணாமல் போனான். ராணுவத்தார் செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

ஜூலையில் அமெரிக்காவிலிருந்து டெல்ஸ்டார் வழியாக முதல் தொலைக்காட்சிப் படம் வந்து சேர்ந்தது. ஊரே குடித்துக் கொண்டாடியது. பொறியாளர் கெர்லோ சாப்பிட வந்தபோது பெரின் தட்டோடு அப்படியே நின்றாள்.

"தம்பி, அவ்வளவு தூரத்துல முணுமுணுத்தாக்கூட இந்தக் கொம்புக்குக் கேக்குமாமே?"

"கேக்கும்மா. சைக்கிள் விளக்கு அளவுதான் டெல்ஸ்டாரோட சக்தி. அதையே பிடிச்சிடுது."

"எம் மவன் வண்டியிலயும் ரேடியோ இருந்துச்சு..."

பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான். "அம்மாவுக்குச் சொர்க்கத்துக்கே லைன் போட்டுக் குடுங்கப்பா!"

கெர்லோ சிரிக்கவில்லை. "டெல்ஸ்டார் பேசுறது மட்டுந்தாம்மா இதுக்குக் கேக்கும்."

நவம்பரில் டெல்ஸ்டார் ஊமையானது. அதை ஏவுவதற்குச் சற்று முன்பு அமெரிக்கர்கள் வானத்தில் வெடித்த அணுகுண்டின் கதிர்வீச்சு உள்ளிருந்த கருவிகளை அரித்துவிட்டது என்றார்கள். ஜனவரியில் தரையிலிருந்தே என்னென்னவோ கட்டளைகள் அனுப்பி அதை எழுப்பிவிட்டார்கள். பெரின் என் கையை இறுகப் பிடித்தாள்.

"பாத்தியாடி? செத்துப்போச்சுன்னாங்களே!"

அன்று முதல் மகனின் அறையில் கணப்பு மூட்டினாள். மெத்தையை வெயிலில் போட்டாள்.

பிப்ரவரியில் அது மறுபடி அடங்கியது.

"திரும்ப எழுப்புவீங்களா தம்பி?"

"இல்லம்மா. இனிமே சும்மா சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்."

"கீழயாவது விழுமா?"

"நம்ம காலத்துல விழாது."

"பாவம். அதுக்கும் மண்ணு கெடைக்கல" என்றாள்.

உஷானில் ஒரு வழக்கம். கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு மெழுகில் சின்னச் சிலுவை செய்து, அதையே உடலாக வைத்து அழுது, கோயிலுக்கு எடுத்துப்போவார்கள். பெரின் பாதிரியாரிடம் போய்க் கேட்டாள்.

"அது கடல்ல போனவங்களுக்கும்மா. உங்க பையன் மணல்லதானே போனான்?"

"அவங்கப்பனக் கடல் திருப்பிக் குடுக்கல, இவன மணல் திருப்பிக் குடுக்கல. எனக்கு என்ன வித்தியாசம் சாமி?"

அவர் மேசைமேலிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு, "ஞாயித்துக்கெழம கொண்டாங்க" என்றார்.

முந்தின இரவு அவள் வீட்டில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் விரல் நீளச் சிலுவை கிடந்தது. பெரின் அப்போதுதான் அழுதாள், முதல் தடவையாக. கெர்லோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலோரம் நின்றார்.

மே மாதம் இரண்டாவது டெல்ஸ்டார் மேலே போனது. அதன் படம் வருகிறதென்று உணவகமே எழுந்து ஓடியது. நான் பெரினைக் கூப்பிட்டேன்.

"நீ போ. மீன் அடிப்பிடிச்சிடும்" என்றாள்.